பென்குயினுக்காகக் காலி செய்த ஊர்

ஆஸ்திரேலியாவுக்குப் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் நம் ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று. குளிர் எப்படி, காய்கறி விலை எப்படி, கங்காரு பார்த்தீர்களா. மெல்பர்ன் போய் வந்தவர் என்று தெரிந்தால் நான்காவதாக ஒன்று வரும்: "பென்குயின் பார்த்தீங்களா?"

நாங்களும் பார்த்தோம். பார்த்ததைப் பற்றி எழுத ஒரு பக்கம் போதும். அந்த இடத்தின் கதை எனக்குத் தெரியவந்ததும்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மெல்பர்னிலிருந்து தென்கிழக்கே 140 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது பிலிப் தீவு. காரில் இரண்டு மணி நேரம். தீவு என்ற பெயரைக் கேட்டு என் வீட்டம்மா படகுப் பயணத்துக்குப் பயந்து முதல் நாளே வாந்தி மாத்திரை எடுத்து வைத்துக்கொண்டார். படகெல்லாம் இல்லை. சான் ரெமோ என்ற சின்ன மீன்பிடி ஊரிலிருந்து ஒரு பாலம். ஒரே நிமிடத்தில் தீவுக்குள் போய்விடலாம். தீவின் மேற்குக் கோடியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துக்குச் சம்மர்லேண்ட் தீபகற்பம் என்று பெயர். அங்கேதான் தினமும் பொழுது சாய்ந்ததும் பென்குயின்கள் கரையேறுகின்றன.

நாங்கள் போனது ஏப்ரல் மாதம். அவர்களுக்கு அது இலையுதிர் காலம். கடற்கரையில் நம் ஊர் சர்க்கஸ் கேலரி மாதிரி படிப்படியாக இருக்கைகள். குல்லா, மஃப்ளர், மேலே ஒரு போர்வை, அதற்கு மேலும் காற்று ஊசியாய்க் குத்துகிறது. சீருடை அணிந்த ரேஞ்சர் பெண் ஒருவர் வந்து விதிகளைச் சொன்னார். யாரும் எழுந்து நிற்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. படம் எடுக்கவே கூடாது, செல்போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அவ்வளவு பேர் கூடிய இடத்தில் ஒரு செல்போன் வெளிச்சம்கூட இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது எனக்கு அதுவே பெரிய அதிசயமாகப் பட்டது.

வெளிச்சம் மங்கியது. அலை ஓரத்தில் ஏதோ கறுப்பாக அசைந்தது. ஐந்தாறு உருவங்கள் எழுந்து நின்றன. தயங்கின. மறுபடி தண்ணீருக்குள் ஓடிவிட்டன. மீண்டும் வந்தன. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்த பிறகு, ஒருவர் பின் ஒருவராக, குனிந்த தலையோடு, கைகளைப் பின்னால் விரித்துக்கொண்டு மணலைக் குறுக்கே கடந்து புல்மேட்டுக்குள் போய்விட்டன. "முகூர்த்தத்துக்கு நேரமாச்சுன்னு மண்டபத்துக்கு ஓடுற மாதிரி இருக்கு" என்றார் என் வீட்டம்மா. அதைவிட நல்ல வர்ணனை எனக்குக் கிடைக்கவில்லை.

இவை அண்டார்டிகாவில் இருக்கும் பெரிய பென்குயின்கள் அல்ல. பென்குயின் இனங்களிலேயே மிகச் சிறியது இதுதான். உயரம் ஓர் அடிக்குச் சற்று மேல், எடை ஒரு கிலோ அளவு. முதுகு கருநீலம், வயிறு வெள்ளை. பகல் முழுவதும் பாஸ் நீரிணையில் நீந்தி நெத்திலி, சாளை மாதிரியான சிறு மீன்களைப் பிடித்துத் தின்கின்றன. இருட்டியதும் வளைக்குத் திரும்புகின்றன. பகல் வெளிச்சத்தில் மணலில் நடந்தால் கழுகுக்கும் கடற்காகத்துக்கும் இரையாகிவிடும். அதனால்தான் பொழுது சாயும்வரை கடலில் கும்பலாக மிதந்து காத்திருந்து, துணை சேர்த்துக்கொண்டு கரையேறுகின்றன. நாம் அணிவகுப்பு என்று கைதட்ட நினைப்பது அவற்றுக்கு உயிர் பயம்.

திரும்பும் வழியில் மரத்தாலான நடைபாதை. அதற்குக் கீழேயும் பக்கத்திலும் வளைகள். வளை வாசலில் நின்று பென்குயின்கள் ஒன்றையொன்று கூப்பிடும் சத்தம் கழுதைக் குட்டி கத்துவது போல இருக்கும். அந்தப் பாதையில் நடக்கும்போது மகன் சொன்னான்: "அப்பா, இந்த இடம் முன்னாடி ஒரு ஊரா இருந்திச்சு. வீடு, ரோடு எல்லாம் இருந்திச்சு. பென்குயினுக்காக எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

எட்டு வயதுப் பேத்தி உடனே கேட்டாள்: "அந்த வீட்டுல இருந்தவங்க எங்க போனாங்க தாத்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. முப்பத்திரண்டு வருட அரசு வேலையில் ஒன்பது வருடம் நில எடுப்புப் பிரிவில் இருந்தவன் நான். ஊர்களைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொண்டுபோன கை இது. அதனால் மறுநாள் காலையிலிருந்து அந்த ஊரின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்தத் தீவில் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே புனுரோங் மக்கள் இருந்தார்கள். அவர்கள் அதை மில்லவுல் என்று அழைத்தார்கள். 1798-ல் ஜார்ஜ் பாஸ் என்ற ஆங்கிலேயர் சிறு படகில் இந்தக் கடலுக்கு வந்தார். நீரிணைக்கு அவர் பெயர்தான். தீவுக்கு நியூ சவுத் வேல்ஸின் முதல் கவர்னர் ஆர்தர் பிலிப் பெயர் வைக்கப்பட்டது. 1842-ல் மக்ஹாஃபி என்ற சகோதரர்கள் தீவு முழுவதையும் குத்தகைக்கு எடுத்து ஆடு மேய்த்தார்கள். 1868-ல் நிலத்தைப் பங்கு போட்டுக் குடியானவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் பயிரிட்டது என்ன தெரியுமா? சிக்கரி. நம் ஃபில்டர் காபியில் கலக்கும் அதே சிக்கரிக் கிழங்குதான். அதை வாட்டுவதற்குக் கட்டிய சூளைகளில் சில இன்னமும் நிற்கின்றன.

முதலில் குடியானவர்கள் ஊர், பிறகு மெல்பர்ன்காரர்கள் கோடைக்கு வந்து போகும் ஊர். 1920-களில் படகில் வந்து இறங்கும் கூட்டம் அதிகமானது. 1928-ல் ஆஸ்திரேலியாவின் முதல் கிராண்ட் ப்ரீ கார்ப் பந்தயம் இந்தத் தீவின் மண் ரோட்டில்தான் நடந்தது. அதே 1920-களில்தான் பென்குயின் சுற்றுலாவும் தொடங்கியது. பெர்ட் வெஸ்ட், பெர்ன் டென்ஹாம், பெர்ட் வாட்சார்ன் என்ற உள்ளூர்வாசிகள், வந்த விருந்தாளிகளைப் பொழுது சாயும் நேரத்தில் சம்மர்லேண்ட் கடற்கரைக்குக் கூட்டிப்போய் டார்ச் விளக்கு அடித்துப் பென்குயின் காட்டினார்கள். இருக்கை கிடையாது, வேலி கிடையாது. மணலில் உட்கார வேண்டியதுதான். பென்குயின் காலடியில் நடந்து போகும்.

1930-களில் ஸ்பென்சர் ஜாக்சன் என்பவர் பென்குயின்களின் பாதுகாப்புக்கென்று பத்து ஏக்கர் நிலத்தை அரசுக்குத் தானமாகக் கொடுத்தார். பத்து ஏக்கர் சின்ன விஷயம்தான். ஆனால் அந்தத் தீபகற்பத்தில் மனை போட்டு விற்கும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. இந்த இடம் பறவைக்கு என்று ஒருவர் கோடு கிழித்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

1940-ல் பாலம் வந்தது. அதன் பிறகு நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு இடத்துக்குப் பாலமோ புறவழிச்சாலையோ வந்தால் நிலத்தின் விலை என்ன ஆகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சம்மர்லேண்ட் எஸ்டேட் என்ற பெயரில் தீபகற்பத்தில் 700-க்கும் மேற்பட்ட மனைகள். அவற்றில் காலப்போக்கில் 180 வாக்கில் வீடுகள் எழும்பின. பெரும்பாலும் விடுமுறை வீடுகள். ஓய்வு பெற்றுக் கடல் பார்த்துக்கொண்டே காலத்தைக் கழிக்கலாம் என்று வந்தவர்களும் உண்டு.

வீட்டோடு வீட்டு நாய் வந்தது, பூனை வந்தது, கார் வந்தது. நரி அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் நரி கிடையாது. வேட்டையாடி விளையாட வேண்டும் என்பதற்காக ஆங்கிலேயர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்டது. நரி பசிக்கு மட்டும் கொல்வதில்லை. ஒரே இரவில் பத்துப் பதினைந்து பென்குயின்களைக் கொன்றுபோட்டுவிட்டுப் போகும். போதாததற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட கிகுயு புல். அது பின்னிப் பின்னிப் படர்ந்து, பென்குயின் வளை தோண்ட முடியாதபடி மண்ணை மூடிவிட்டது. இருட்டில் ரோட்டைக் கடக்கும் பறவைகள் கார்ச் சக்கரத்தில் அடிபட்டன. பென்குயின் பார்த்துவிட்டுத் திரும்பும் கார்களும் அதில் அடக்கம்.

ஒரு காலத்தில் தீவில் பத்து இடங்களில் பென்குயின் குடியிருப்புகள் இருந்தன. 1980-களில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, சம்மர்லேண்ட்.

இதெல்லாம் ஊகமாக இல்லாமல் கணக்காகத் தெரிந்ததற்குக் காரணம் 1968-ல் தொடங்கிய பென்குயின் ஆய்வுக் குழு. பாலின் ரெய்லி என்ற அம்மையார் அதில் முக்கியமானவர். சம்பளம் இல்லாத தொண்டர்கள் இரவு இரவாக வந்து பென்குயின்களைப் பிடித்து, இறக்கையில் எண் பொறித்த வளையம் மாட்டி, எடை பார்த்து, நோட்டில் எழுதினார்கள். அந்த ஆராய்ச்சி இன்றுவரை விடாமல் நடக்கிறது. கடற்பறவைகளைப் பற்றி உலகில் மிக நீண்ட காலம் தொடர்ந்து நடந்துவரும் ஆய்வுகளில் அது ஒன்று. அந்த நோட்டுக் கணக்குகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது தெரிந்த செய்தி இதுதான்: இப்படியே போனால் நூற்றாண்டு முடிவதற்குள் இந்தக் கரையில் பென்குயின் இருக்காது.

1985-ல் விக்டோரியா மாநில அரசு ஒரு முடிவெடுத்தது. சம்மர்லேண்ட் எஸ்டேட்டில் உள்ள அத்தனை மனைகளையும் வீடுகளையும் அரசே விலைக்கு வாங்குவது. வீடுகளை அகற்றி, ரோடுகளைப் பெயர்த்து, நிலத்தைப் பென்குயின்களிடம் ஒப்படைப்பது.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு நான் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் ஞாபகம் வேறு எங்கோ போய்விட்டது.

எண்பதுகளில் ஒரு திட்டத்துக்காக ஒரு கிராமத்தின் கிழக்குத் தெருவை எடுக்க வேண்டி வந்தது. ஊர்ப் பெயரும் திட்டத்தின் பெயரும் வேண்டாம். நான் நோட்டீஸ் கொடுக்கப் போனேன். ஒரு மூதாட்டி கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டார்: "தம்பி, வீட்டுக்கு என்னமோ போட்டிருக்கீங்க. என் முருங்கைக்கு எவ்வளவு போட்டிருக்கு?" மரத்துக்குத் தனி மதிப்பீடு உண்டு. பட்டியலைப் பார்த்தேன். முருங்கை விட்டுப் போயிருந்தது. சேர்க்கச் சொல்லி எழுதினேன். சேர்த்தார்களா என்று பார்ப்பதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. ஆறு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு முழுத் தொகை வந்து சேரவில்லை என்றார்கள். மூதாட்டி இறந்துவிட்டிருந்தார். எடுத்த நிலத்தில் ஒரு கல்லும் நடப்படவில்லை. கருவேலம் முளைத்துக் கிடந்தது.

அதனால், பறவைக்காக வீடுகளை வாங்கினார்கள் என்று படித்தபோது எனக்கு முதலில் வந்தது வியப்பு அல்ல, கோபம். பணக்கார நாட்டின் சொகுசு என்று நினைத்தேன். மனிதனுக்கே கொடுக்க மனமில்லாத உலகத்தில் பென்குயினுக்கு ஒரு ஊரா என்று தோன்றியது. மருமகளிடம் சொன்னேன். அவள், "மாமா, அவசரப்படாதீங்க, முழுசாப் படிச்சிட்டுச் சொல்லுங்க" என்றாள். சரி என்று மேலே படித்தேன்.

அந்த வேலையை அவர்கள் முடிக்க எடுத்துக்கொண்டது 25 வருடம். 1985-ல் தொடங்கி 2010-ல்தான் கடைசி மனை அரசின் கைக்கு வந்தது. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின. திட்டம் நிற்கவில்லை. வாங்க வாங்க வீடுகளை அகற்றினார்கள். மின்கம்பங்களையும் தார் ரோட்டையும் எடுத்தார்கள். கிகுயு புல்லைப் பிடுங்கிவிட்டு அந்த மண்ணுக்குரிய செடிகளை நட்டார்கள். வளை தோண்ட முடியாத இடங்களில் மரப்பெட்டிகளைச் செயற்கை வளையாகப் புதைத்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பக்கம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். நரி ஒழிப்பு தனியாக நடந்தது. 2017-ல் பிலிப் தீவில் நரியே இல்லை என்று அறிவித்தார்கள்.

வீட்டை விட்டவர்களுக்கு அது சுலபமாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. விலை கிடைத்தாலும் வீடு வீடுதான். கோடைதோறும் பிள்ளைகளோடு வந்த வாசலை, சுவரில் பிள்ளைகளின் உயரம் குறித்து வைத்த கோட்டை, எந்த மதிப்பீட்டுப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. பேத்தியின் கேள்விக்கு நான் பிறகு சொன்ன பதில் இதுதான்: "அவங்க வேற ஊருக்குப் போய் வேற வீடு வாங்கிக்கிட்டாங்க. பென்குயினுக்கு வேற ஊர் இல்ல." பென்குயின் தான் பிறந்த கரையையே தேடி வரும் பறவை. ஒன்பது குடியிருப்புகள் போய் மிஞ்சிய பத்தாவது அது.

அப்படியானால் பலன்? இன்று அந்தத் தீபகற்பத்தில் சுமார் 40,000 பென்குயின்கள் வாழ்கின்றன. தினமும் முதல் பறவை கரையேறியதிலிருந்து 50 நிமிடம் ரேஞ்சர்கள் எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். 2022 மே மாதத்தில் ஒரே இரவில் 5,219 பறவைகள் கடந்து போனதாகக் கணக்கு. அதுவரை அவ்வளவு பார்த்ததே இல்லையாம்.

இதில் சுற்றுலாவின் பங்கு என்ன என்பதுதான் எனக்குப் புரிய நாளான விஷயம். டார்ச் அடித்துக் காட்டிய காலத்தில் கூட்டம் பறவைக்குக் கெடுதல்தான் செய்தது. மணல்மேட்டை மிதித்து வளைகளை இடித்தது, வெளிச்சம் அடித்துக் கண்ணைக் கூச வைத்தது. அதைத் தடுக்கத்தான் 1960-களில் வேலி போட்டு, இருக்கை கட்டி, மனிதர்களை ஒரு பக்கமாக உட்கார வைத்தார்கள். நன்றாக யோசித்தால், அங்கே கூண்டுக்குள் இருப்பது பென்குயின் அல்ல, நாம்தான். 1996-ல் இவை எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்து பிலிப் தீவு இயற்கைப் பூங்காவை அமைத்தார்கள். டிக்கெட் பணத்தில்தான் ஆராய்ச்சி, நரி ஒழிப்பு, செடி நடுதல், அடிபட்ட பறவைக்கு வைத்தியம் எல்லாம் நடக்கின்றன. கொரோனாவுக்கு முன் ஆண்டுக்கு ஏழு லட்சம் பேர் அளவில் வந்தார்கள். 2020-ல் ஊரடங்கு வந்து இருக்கைகள் காலியானபோது, கடற்கரையில் கேமரா வைத்து இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். உலகம் முழுக்க வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பென்குயின்கள் வழக்கம்போல வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

2019-ல் புதிய பார்வையாளர் கட்டடம் திறந்தபோது ஒன்று செய்தார்கள். 1988-ல் கட்டிய பழைய கட்டடமும் அதன் கார் நிறுத்துமிடமும் பென்குயின் வாழ வேண்டிய நிலத்தில் இருந்தன. புதியதைத் தள்ளிக் கட்டிவிட்டு, பழையதை இடித்து, ஆறு ஹெக்டேருக்கு மேல் நிலத்தைப் பறவைகளுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஊர்க்காரர்களை எழுந்து போகச் சொன்னவர்கள் தாங்களும் எழுந்து போனார்கள். என் கோபம் தணிந்தது இதைப் படித்தபோதுதான்.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. அதே ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் மங்கி மியா என்று ஓர் இடம். 1960-களில் மீனவர்கள் படகிலிருந்து மீன் போட, டால்பின்கள் கரைக்கே வந்து கையிலிருந்து மீன் வாங்க ஆரம்பித்தன. செய்தி பரவியதும் வந்தவர்கள் எல்லோரும் அள்ளி அள்ளிப் போட்டார்கள். புண்ணியம் என்று நாம் கோயில் யானைக்கு வாழைப்பழம் கொடுப்பது போலத்தான். பிறகு ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள்: கரைக்கு வந்து தின்னும் தாய்களின் குட்டிகள் அதிகமாகச் செத்துப்போயின. தாய் ஆழமில்லாத தண்ணீரில் மனிதர் பின்னால் நின்றுகொண்டிருக்கும்போது குட்டி பால் குடிக்கவும் வேட்டையாடக் கற்கவும் நேரமில்லை, சுறாவிடமிருந்து காவலும் இல்லை. அதன் பிறகுதான் விதிகள் வந்தன. இப்போது குறிப்பிட்ட சில பெண் டால்பின்களுக்கு மட்டும், காலை வேளையில் மட்டும், அளந்து கொஞ்சம் மீன். மற்றவர்கள் தள்ளி நின்று பார்க்கலாம். அன்பாகவே கெடுத்துவிட முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நல்ல கதை ஒன்றும் சொல்கிறேன். அதே விக்டோரியா மாநிலத்தில் வார்னம்பூல் ஊருக்கு எதிரே மிடில் ஐலண்ட் என்று ஒரு பாறைத் தீவு. நூற்றுக்கணக்கில் இருந்த பென்குயின்கள் 2005 வாக்கில் பத்துக்கும் கீழே வந்துவிட்டன. தண்ணீர் வற்றும் நேரத்தில் நரிகள் நடந்தே தீவுக்குப் போய்விடும். அந்த ஊரில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஆலன் மார்ஷ் ஒரு யோசனை சொன்னார்: என் கோழிகளை நரியிடமிருந்து மரெம்மா நாய்தான் காப்பாற்றுகிறது, பென்குயினும் ஒரு கோழி மாதிரிதானே? 2006-ல் அவருடைய வெள்ளை நாயைத் தீவில் காவலுக்கு விட்டார்கள். பென்குயின்கள் மறுபடி பெருகின. 2015-ல் அதைச் சினிமாவாகவும் எடுத்துவிட்டார்கள். படம் பெயர் ஆட்பால், அந்த நாயின் பெயர்தான். பேத்தியோடு உட்கார்ந்து பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

நம் வயதுக்காரர்களுக்காக இன்னொன்று. கடலில் கப்பல் எண்ணெய் கொட்டினால் பென்குயினின் இறகு ஒட்டிக்கொண்டு குளிர் உடம்புக்குள் இறங்கிவிடும். அது அலகால் எண்ணெயைக் கோதி விழுங்கிச் சாகும். அதைத் தடுக்க, குளிப்பாட்டும்வரை போட்டுவிடச் சின்னஞ்சிறு கம்பளிச் சட்டைகள் தேவைப்பட்டன. 2001-ல் பிலிப் தீவுக்கருகே எண்ணெய் கசிந்து 438 பென்குயின்கள் மாட்டிக்கொண்டபோது அப்படிச் சட்டை போட்டுக் கழுவி, பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிவிட்டார்கள். அந்தச் சட்டைகளைப் பின்னிக் கொடுத்தவர்களில் பெரும்பகுதி வீட்டிலிருக்கும் பெரியவர்கள். ஆல்ஃபி டேட் என்ற பெரியவர், ஆஸ்திரேலியாவிலேயே வயதில் மூத்த ஆணாக இருந்தவர், 109 வயதிலும் பென்குயினுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. என் வீட்டம்மா இதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு எழுபத்தொண்ணுக்கே கை நடுங்குதுன்னு மின்சார பில்லைக்கூட என்னைக் கட்டச் சொல்றீங்க" என்றார். பதில் பேசவில்லை.

கடைசியாக ஒரு காட்சி. அன்று இரவு கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது ஒரு பலகை இருந்தது. வண்டியை எடுப்பதற்கு முன் அடியில் பென்குயின் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள் என்று எழுதியிருந்தது. மகன் ஒரு பக்கம் குனிந்தான். பேத்தி தரையோடு தரையாகப் படுத்தே பார்த்தாள். எனக்கு மூட்டு வலி. ஆனாலும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. சுற்றிலும் அந்த இருட்டில், பல நாட்டுக்காரர்கள், நல்ல உடை உடுத்தியவர்கள், எல்லோரும் தங்கள் தங்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் ஒன்பது வருட நில எடுப்பு வேலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன் யார் அடியில் மாட்டிக்கொள்வார்கள் என்று ஒரு தடவை குனிந்து பார்க்கச் சொன்ன பலகை எதையும் நான் படித்ததில்லை. நானாகவும் போதுமான அளவு குனியவில்லை. அந்த முருங்கையைப் பட்டியலில் சேர்த்தார்களா என்று ஒரு தபால் போட்டுக் கேட்டிருக்கலாம். பதினைந்து பைசா அட்டை. கேட்கவில்லை.

மெல்பர்ன் போகிறவர்கள் பிலிப் தீவுக்குப் போய் வாருங்கள். கனமான ஸ்வெட்டர் கட்டாயம். செல்போனைப் பைக்குள் வையுங்கள். திரும்பும்போது வண்டிக்கு அடியில் பாருங்கள்.